பழைய லேப்டாப்பில் வீட்டு சர்வர்: எதெல்லாம் ஓட்டுனா பிரயோஜனம்?

சமாதானபுரத்தான்

பாளையங்கோட்டையில வீடு. சும்மா கிடக்கிற லேப்டாப் ஒண்ணை சர்வரா மாத்தலாம்னு இருக்கேன். எட்டாம் தலைமுறை ஐ5 8250யூ, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கூட 2 டிபி யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க், தனி அடாப்டர் இல்லாத சின்னது. டெபியன் 13 (லினக்ஸ்) போட்டு, ஒவ்வொரு சர்வீஸையும் தனித்தனி கன்டெய்னர்ல ஓட்டுத டாக்கரும் ஏத்தியாச்சு. இதுக்கு மேல என்ன செய்யன்னுதான் தெரியல. இணையத்துல பாத்தா ஒவ்வொருத்தரும் ஐம்பது சர்வீஸ் ஓட்டுதாங்க. அதுல பாதி, மத்த பாதி ஓடுதான்னு பாக்கதுக்கே இருக்கு.

வீட்டுத் தேவை இவ்வளவுதான்: நாலு போன்ல சேந்து கிடக்கிற 40,000 போட்டோ. அப்பா பெட்டியில உள்ள பத்திரம், பட்டா, தீர்வை ரசீது. கல்யாண வீட்டு விசிடி கொஞ்சம். நோட்டுல எழுதி வச்சிருக்க பாஸ்வேர்டு. சென்னையில இருக்க தங்கச்சியும் போட்டோ பாக்கணும்.

எதை முதல்ல போடணும், எதைப் போடவே வேண்டாம்? ராத்திரி பகலா ஓடுனா ஈபி பில்லு எகிறுமா? மாதாந்திர பராமரிப்புன்னு காலையில கரண்டை நிப்பாட்டுனா சாயங்காலம் வரைக்கும் என்ன வழி? வெளிய இருந்து எப்படித் திறக்க? ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டு போட்டுப் பாத்தேன், எட்டல.

---

பொதிகைச்சாரல்

போட்டோவுல இருந்து ஆரம்பிங்க அண்ணாச்சி. வீட்டுல மத்தவங்களுக்கும் பிரயோஜனம் கண்ணுக்குத் தெரியிற சர்வீஸ் அதுதான். அது ஒழுங்கா ஓடுனாத்தான் அடுத்ததுக்கு வீட்டுல அனுமதி கிடைக்கும்.

இம்மிச் போடுங்க, கூகுள் போட்டோஸ் மாதிரி, ஆனா நம்ம சர்வர்லயே ஓடுறது. உங்க 8 ஜிபி அதுக்குப் போதும். டேட்டாபேஸ் எஸ்எஸ்டியில இருக்கட்டும், போட்டோ மட்டும் ஹார்ட் டிஸ்க்ல. அதோட டேட்டாபேஸான போஸ்ட்கிரஸை யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்ல வச்சா டைம்லைன் தள்ளும்போதெல்லாம் இழுக்கும். நெட்வொர்க் ஷேர்ல அதை வைக்கவே கூடாது. ஒரிஜினல் போட்டோ அளவுக்கு மேல சிறுபடம், மாத்துன வீடியோன்னு இன்னும் 10 முதல் 20 சதவீதம் இடம் பிடிக்கும், அதையும் கணக்குல வச்சுக்கிடுங்க.

ஏத்துன உடனே முகம் பிரிக்கது, படத் தேடல், சிறுபடம் எல்லாம் ஒரே நேரத்துல கிளம்பும். 40,000 படம்னா அந்தச் சின்ன ப்ராசஸருக்கு ஒண்ணு ரெண்டு நாள் வேலை. ஜாப் செட்டிங்ஸ்ல எல்லாத்தோட கன்கரன்சியையும் (ஒரே நேரத்துல எத்தனை ஓடணுங்கறது) 1 ஆக்கிட்டு விடுங்க. அந்த ரெண்டு நாளும் லேப்டாப்பை மூடி வைக்காதீங்க, நிறைய மாடல்ல சூடு கீபோர்டு வழியாத்தான் வெளிய போவும்.

கூகுள் போட்டோஸ்ல இருந்து கொண்டு வாறதா இருந்தா டேக்அவுட் ஜிப்பை விரிச்சு பிரவுசர் வழியா ஏத்தாதீங்க. தேதி, இடம் எல்லாம் பக்கத்துல தனி ஜேசான் கோப்புல கிடக்கும், படத்தை மட்டும் ஏத்துனா பல படத்துக்குத் தேதி இன்னைக்குன்னு விழும். இம்மிச்-கோன்னு ஒரு கருவி இருக்கு, ஜிப்பை அப்படியே படிச்சு ரெண்டையும் ஜோடி சேத்து ஏத்திரும். வாட்ஸப் படத்துல எடுத்த தேதி உள்ள இருக்காது, கோப்புப் பேர்ல உள்ள எட்டு இலக்கம் மட்டும்தான் ஆதாரம், அதனால பேரை மாத்திராதீங்க. போன் ஆப்ல பேக்கப் ஆல்பம் தேர்வு பண்ணும்போது வாட்ஸப் இமேஜஸ் ஃபோல்டரைத் தனியா யோசிங்க. இல்லன்னா நாலு போன் குட்மார்னிங்கும் உங்க டிஸ்க்லதான் வந்து விழும்.

"பேக்கப் ஆவல"ன்னு வாற புகார்ல பெரும்பாலும் சர்வர் மேல தப்பு இருக்காது. ஆண்ட்ராய்டு பேட்டரி மிச்சம் பிடிக்க ஆப்பைத் தூங்க வச்சிருக்கும். நாலு போன்லயும் இம்மிச்சுக்கு பேட்டரி கட்டுப்பாடு இல்லைன்னு வைங்க.

தேடல் பெட்டியில "தேர்"னு தமிழ்ல அடிச்சா சம்பந்தமில்லாததா வரும். படத்தையும் சொல்லையும் பொருத்துறது கிளிப் மாடல், முதல்ல வாறது இங்கிலீஷ் மட்டும்தான் பழகினது. ஸ்மார்ட் சர்ச் செட்டிங்ஸ்ல பல மொழி பழகின என்எல்எல்பி வகை மாடல் ஒண்ணுக்கு மாத்தி, எல்லாப் படத்துக்கும் அந்த ஜாபை மறுபடி ஓட்டணும். ரேம் கூட எடுக்கும். 8 ஜிபியில வேற பெரிய சர்வீஸ் ஏத்தாத வரைக்கும் சமாளிக்கும்.

கடைசியா ஒண்ணு. யூஎஸ்பி டிஸ்க் பூட்ல மவுன்ட் ஆகாமப் போனா, டாக்கர் அது பாட்டுக்கு காலி ஃபோல்டர்ல எழுத ஆரம்பிக்கும். எஸ்எஸ்டி ரொம்பி எல்லாம் நிக்கும், மேல்பார்வைக்கு போட்டோ எல்லாம் காணாமப் போன மாதிரி தெரியும். எஃப்எஸ்டேப்ல (எந்த டிஸ்க் எங்க மவுன்ட் ஆகணும்னு சொல்லுத கோப்பு) டிஸ்கை யூயூஐடி (அதோட தனி அடையாள எண்) வச்சு எழுதுங்க, டிஸ்க் இல்லன்னாலும் பூட் நிக்காம இருக்க நோஃபெயில் சேருங்க. டிஸ்க் மவுன்ட் ஆகாத நிலையில அந்தக் காலி ஃபோல்டருக்கு சிஎச்ஏடிடிஆர் கட்டளையில இம்யூட்டபிள் (மாத்த முடியாது) கொடி போட்டு வச்சிருங்க. அப்புறம் டிஸ்க் இல்லன்னா எழுத முடியாம கன்டெய்னர் பிழை காட்டும், அதுதான் நமக்கு வேணும்.

---

ஈபிக்காரன்

கரண்ட் கணக்கை நான் சொல்லுதேன். ஸ்கிரீன் அணைஞ்ச லேப்டாப் சும்மா இருக்கும்போது 10 வாட்னு வைங்க. மாசம் 7.2 யூனிட், ரெண்டு மாச பில்லுக்கு பதினஞ்சுக்குள்ள. இதே வேலைக்குப் பழைய டெஸ்க்டாப்பை 60 வாட்ல ஓட்டுனா ரெண்டு மாசத்துக்கு 86 யூனிட், இலவச 100ல பெரும்பகுதியை அதுவே தின்னுரும். "சும்மா கிடக்க கம்ப்யூட்டர்தானே"ன்னு டெஸ்க்டாப்பை எடுக்காதீங்கன்னு சொல்லுதது இதுக்குத்தான். வாங்கித்தான் ஆகணும்னா என்100 மினி பிசி, இல்ல ஆபீஸ்ல கழிச்சுக் கட்டுன டைனி, மைக்ரோ டப்பா.

லேப்டாப்புக்கு யூபிஎஸ் வயித்துக்குள்ளயே இருக்கு. ஆனா 24 மணி நேரமும் 100 சதவீதத்துல, சித்திரை வெயில்ல நம்ம ஊர் அறைச் சூட்டுல கிடந்தா பேட்டரி உப்பும். பயாஸ்லயோ டிஎல்பி மென்பொருள் வழியாவோ சார்ஜை 60ல நிறுத்துங்க. அந்த வசதி இல்லாத மாடல்னா மூணு மாசத்துக்கு ஒருக்க அடிப்பக்கத்தை மேசையில வச்சுப் பாருங்க. ஆடுச்சுன்னா, டச்பேட் மேல தூக்குச்சுன்னா, பேட்டரியைக் கழட்டிருங்க, குத்தி அமுக்கிப் பாக்க வேண்டாம். கழட்டுன பிறகு சில மாடல் ப்ராசஸர் வேகத்தைத் தானாக் குறைச்சுக்கிடும், அது கோளாறு இல்ல.

பொதிகைச்சாரல் மூடி வைக்காதீங்கன்னாரு, அது முதல் ரெண்டு நாளுக்கு. பிறகு மூடி வச்சாலும் தூங்காம இருக்க லினக்ஸோட லாகின்டி அமைப்புல லிட் ஸ்விட்சை இக்னோர்னு மாத்தணும்.

உங்க டிஸ்க் சின்னதுங்கறது நல்லதாப் போச்சு. கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில இருந்தே ஓடும். அடாப்டர் வச்ச 3.5 இன்ச் டிஸ்க்னா சர்வர் உசுரோட இருக்கும், டிஸ்க் மட்டும் செத்துரும், எழுதிக்கிட்டிருக்கும்போது அது நடந்தாத்தான் வம்பு. அப்படி டிஸ்க் இருக்கவங்க அதையும் யூபிஎஸ்ல மாட்டுங்க.

பராமரிப்பு அன்னைக்கு அஞ்சாறு மணி நேரம் பேட்டரி தாங்காது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க பேட்டரி சதவீதம் பாத்து, 20க்குக் கீழ போனா ஒழுங்கா ஷட்டவுன் பண்ற சின்ன கிரான் ஸ்கிரிப்ட் போதும். கரண்ட் வந்ததும் தானா எந்திரிக்க பயாஸ்ல வேக் ஆன் ஏசி, பவர் ஆன் வித் ஏசி அட்டாச் இப்படி ஏதாவது பேர்ல இருக்கான்னு தேடுங்க. எல்லா லேப்டாப்லயும் கிடையாது.

மினி பிசியும் யூபிஎஸ்ஸும் வச்சிருக்கவங்க மாட்டிக்கிடுத இடம் ஒண்ணு உண்டு. பயாஸ்ல ஏசி வந்தா ஆன் ஆகுன்னு போட்டிருப்பாங்க. யூபிஎஸ் பேட்டரி குறையுதுன்னு சர்வர் அணைஞ்சிரும். அந்த நேரம் பாத்து கரண்ட் வந்துட்டா, யூபிஎஸ் வெளியீடு அறுபடவே இல்ல. சர்வரைப் பொறுத்தவரை கரண்ட் போகவும் இல்ல வரவும் இல்ல, அப்படியே படுத்துக் கிடக்கும். யூபிஎஸ்ஸோட பேசுத நட் மென்பொருள்ல ஷட்டவுனுக்குப் பிறகு யூபிஎஸ்ஸையும் வெட்டச் சொல்லுத கில்பவர் வசதி இதுக்குத்தான் இருக்கு. யூஎஸ்பி வயர் இல்லாத மலிவு யூபிஎஸ்னா அந்த வழி இல்ல, ரவுட்டர்ல இருந்து வேக் ஆன் லேன் அனுப்பி எழுப்பணும். கரண்ட் போனதையே அந்த யூபிஎஸ் சொல்லாது. அதுக்கு யூபிஎஸ்ல மாட்டாத ஸ்மார்ட் பிளக் ஒண்ணை சர்வர் பிங் பண்ணிக்கிட்டே இருக்கட்டும், பத்து நிமிஷம் பதில் இல்லன்னா ஷட்டவுன்.

வீட்டு இன்வெர்ட்டர்ல மாட்டுறதா இருந்தா பின்னாடி சுவிட்சை யூபிஎஸ் மோடுக்குத் தள்ளுங்க. சாதா மோடுல மாறுத நேரம் கூட, சில அடாப்டர் தாங்காம ரீஸ்டார்ட் ஆகும்.

---

மூலப்பத்திரம்

பத்திரப் பெட்டிக்கு பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ். ஸ்கேன் பண்ணி ஒரு ஃபோல்டர்ல போட்டா எழுத்தைப் படிச்சு, தேடற மாதிரி பிடிஎஃப் ஆக்கி வைக்கும். ஒரிஜினல் கோப்பு தொடாம இருக்கும். கூட ரெடிஸ்னு ஒரு துணை கன்டெய்னரும் வேணும்.

தமிழுக்கு ரெண்டு அமைப்பு தனித்தனி, பலரும் ஒண்ணை மட்டும் போட்டுட்டு வேலை செய்யலம்பாங்க. முதலாவது, எழுத்தைப் படிக்கிற டெசராக்டோட தமிழ்ப் பொதியைக் கன்டெய்னர்ல ஏத்தச் சொல்லுத மாறி (வேரியபிள்). இயல்பா வாறதுல இங்கிலீஷும் சில ஐரோப்பிய மொழியும்தான் இருக்கும். ரெண்டாவது, படிக்கும்போது எந்த மொழின்னு சொல்லுத மாறி, அதுல தமிழையும் இங்கிலீஷையும் கூட்டல் குறி போட்டு எழுதணும். ரெண்டோட பேரும் ஒரே மாதிரி இருக்கும், ஒண்ணுக்கு ஒருமை, ஒண்ணுக்குப் பன்மை. பன்மைதான் பொதி ஏத்துறது.

ஸ்கேன் 300 டிபிஐ. போன்ல எடுத்தா பகல் வெளிச்சத்துல, நிழல் விழாம, நேரா.

எதை எதிர்பாக்கலாம், எதைக் கூடாதுன்னு பாப்போம். கையால எழுதுன பத்திரம் படிக்காது, படமா மட்டும் இருக்கும். அச்சுன்னாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தினதுன்னா ணை, லை, றா, னா இதெல்லாம் பழைய வடிவத்துல இருக்கும், டெசராக்ட் பழகினது புது வடிவம், அங்க தடுமாறும். முத்திரைத்தாள் மேல டைப் அடிச்சது பின்னணி கோலத்தால சொதப்பும்.

இன்னொரு தொல்லை நம்ம ஊருக்கே உரியது. வானவில் மாதிரி யூனிகோடு இல்லாத எழுத்துருவுல செஞ்ச பிடிஎஃப்ல கண்ணுக்குத் தமிழ் தெரியும், காப்பி பண்ணிப் பாத்தா இங்கிலீஷ் எழுத்துக் குப்பையா வரும். பேப்பர்லெஸ் அதைப் பாத்து "ஏற்கெனவே எழுத்து இருக்கு, நான் படிக்க வேண்டியதில்லை"ன்னு தாண்டிப் போயிரும், ஏன்னா இயல்பான மோடு ஸ்கிப். அந்தக் கோப்பை மட்டும் முதல்ல, பேப்பர்லெஸ் உள்ள வச்சிருக்க அதே ஓசிஆர்மைபிடிஎஃப் கருவியில ஃபோர்ஸ் போட்டு ஓட்டி, வாற கோப்பை உள்ள விடுங்க. எல்லாத்துக்கும் ஃபோர்ஸ் வைக்காதீங்க, நல்ல எழுத்து உள்ள பிடிஎஃப்பையும் படமாக்கிக் கெடுத்துரும்.

டிஜிட்டல் கையெழுத்து போட்ட வில்லங்கச் சான்று, சான்றிதழ் எல்லாம் உள்ள போகும்போதே பிழை காட்டும். மாத்துனா கையெழுத்து செல்லாமப் போவும்னு ஓசிஆர்மைபிடிஎஃப் மறுக்கும். கையெழுத்தை உதற அனுமதிக்கிற ஆர்க்யுமென்ட்டை பேப்பர்லெஸ்ஸோட ஓசிஆர் யூசர் ஆர்க்ஸ் அமைப்புல சேத்தா ஏத்துக்கிடும். கையெழுத்தோட உள்ள ஒரிஜினல் பத்திரமாத்தான் இருக்கும், தேடறதுக்கான நகல்லதான் அது போவும். யாருக்காவது அனுப்பும்போது ஒரிஜினலை இறக்கி அனுப்புங்க.

தமிழ்ச் சொல் தேடலை முழுசா நம்பாதீங்க. சர்வே எண், பட்டா எண், பத்திர எண், வருஷம், ஊர்ப் பேரு, இதை எல்லாம் தலைப்புலயே வச்சிருங்க. டேக் அஞ்சாறு போதும். வித்தவர் வாங்கினவர்னு நூறு டேக் போட்டா ஒரு வாரத்துல விட்டுருவீங்க.

கோப்புப் பேரை மட்டும் கதை மாதிரி எழுதாதீங்க. லினக்ஸ்ல பேருக்கு 255 பைட் எல்லை. தமிழ்ல ஒவ்வொரு குறியீடும் 3 பைட், "திருநெல்வேலி"ங்கற ஒரு சொல்லே 36 பைட் பிடிக்கும். விண்டோஸ்ல எழுத்தை எண்ணுவான், லினக்ஸ்ல பைட்டை எண்ணுவான். அதனாலதான் விண்டோஸ்ல நல்லா இருந்த கோப்பு இங்க காப்பி பண்ணும்போது "பேர் ரொம்ப நீளம்"னு நிக்கும்.

---

சமாதானபுரத்தான்

ரொம்ப உபயோகமா இருக்கு. ரவுட்டர்ல பாத்தேன், வான் (வெளிப்பக்க) ஐபி 100.72ல ஆரம்பிக்குது. கூகுள்ல என் ஐபி என்னன்னு கேட்டா வேற எண் வருது. இதுக்கு என்ன அர்த்தம்? தளப் பேரை ஐபி எண்ணா மாத்துத டிஎன்எஸ் வழியா விளம்பரத்தைத் தடுக்கிற அட்கார்டு ஹோமையும் போட்டு வச்சேன், வீட்டுல டிவிக்கு வேலை செய்யுது, ரெண்டு போன்ல விளம்பரம் வந்துக்கிட்டேதான் இருக்கு.

---

கடையநல்லூர் ரூட்டர்

100.64ல இருந்து 100.127 வரைக்கும் உள்ள எண் எல்லாம் சிஜிநாட்டுக்குன்னு ஒதுக்கினது. உங்க தெருவுல பல வீட்டுக்குச் சேத்து ஒரே வெளி ஐபி. போர்ட் ஃபார்வர்டு உங்க ரவுட்டர்ல சரியாவே இருந்தாலும், அதுக்கு முன்னாடி நெட் கம்பெனிக்காரன் வீட்டுல இன்னொரு கதவு இருக்கு, அது உங்க கையில இல்ல. ஸ்டாட்டிக் ஐபி காசு குடுத்து வாங்கலாம், ஆனா உங்க தேவைக்கு வேண்டாம்.

டெயில்ஸ்கேல் போடுங்க, உங்க மெஷின்களை மட்டும் சேக்குற தனி விபிஎன். சர்வர்ல ஒண்ணு, வீட்டு போன்கள்ல ஒண்ணு, தங்கச்சி போன்ல ஒண்ணு. வயர்கார்டுங்கற விபிஎன் முறை மேல ஓடுறது, சிஜிநாட் இருந்தாலும் ரெண்டு பக்கமும் வெளிய போய்க் கைகோத்துக்கிடும். எந்தப் போர்ட்டும் இணையத்துக்குத் திறக்க வேண்டாம், அதுலயே பாதித் தலைவலி போச்சு. நேர் இணைப்பு கிடைக்காட்டா நடுவுல ரிலே சர்வர் வழியாப் போகும், அப்ப வீடியோ மெதுவா இருக்கும். ஸ்டேட்டஸ் கட்டளையில டைரக்டா ரிலேயான்னு காட்டும். ரவுட்டர்ல ஐபிவி6 அணைச்சு வச்சிருந்தா போட்டு விடுங்க, ரெண்டு பக்கமும் ஐபிவி6 இருந்தா நாட் தொல்லையே இல்லாம நேராச் சேந்துரும். தங்கச்சி போன்ல வேற விபிஎன் ஓடுச்சுன்னா ஒண்ணுதான் ஓடும், அதையும் சொல்லி வைங்க. முக்கியமா சர்வருக்கு கீ எக்ஸ்பைரியை டெயில்ஸ்கேல் பலகையில அணைச்சிருங்க, இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு ஒருநாள் காரணமே தெரியாம சர்வர் காணாமப் போகும்.

வெளிய இருந்து திறக்க கிளவுட்ஃப்ளேர் டனல் பத்தி யாராவது சொல்லுவாங்க. நல்லதுதான், ஆனா இலவசத் திட்டத்துல ஒரு தடவை ஏத்துறதுக்கு 100 எம்பி எல்லை. போட்டோ போகும், கொஞ்சம் நீளமான வீடியோ இம்மிச்ல ஏறாம திரும்பத் திரும்பத் தோத்துக்கிட்டே இருக்கும்.

விளம்பரக் கதை: ஆண்ட்ராய்டுல பிரைவேட் டிஎன்எஸ் போட்டிருந்தா உங்க சர்வரைக் கேக்காமலே வெளிய போயிரும். பிரவுசர்ல செக்யூர் டிஎன்எஸ் இருந்தாலும் அப்படித்தான். ரவுட்டர் ஐபிவி6 டிஎன்எஸ் தன் பேர்ல குடுத்துக்கிட்டிருந்தா அதுவும் ஒரு ஓட்டை. நிறையப் பேர் ரவுட்டர்ல முதல் டிஎன்எஸ் சர்வர், ரெண்டாவது 8.8.8.8னு போடுவாங்க. ரெண்டாவதுங்கறது முதலாவது செத்தாத்தான்னு நினைக்காதீங்க, போன் எதை வேணும்னாலும் கேக்கும். ரெண்டாவது இடத்தைக் காலியா விடுங்க. யூட்யூப் விளம்பரம் டிஎன்எஸ்ல நிக்காது, படமும் விளம்பரமும் ஒரே இடத்துல இருந்து வருது, அதுக்கு மெனக்கெட வேண்டாம்.

இன்னொண்ணு. டாக்கர்ல போர்ட் வெளியிட்டா யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் தடையைத் தாண்டிப் போகும். டாக்கர் தன் விதியை ஐபிடேபிள்ஸ்ல நேரா எழுதிக்கிடுது. ஃபயர்வால் போட்டாச்சேன்னு நிம்மதியா இருக்காதீங்க, அந்த மெஷினுக்கு உள்ளுக்கு மட்டும் வேண்டிய போர்ட்டை 127.0.0.1 முன்னால சேத்துக் கட்டுங்க.

---

பொதிகைச்சாரல்

அட்கார்டு விஷயத்துல எனக்குக் கொஞ்சம் மாத்துக் கருத்து. லேப்டாப் அப்டேட்டுக்கு ரீஸ்டார்ட் ஆகுத நேரம் வீட்டுல நெட்டே நிக்கும். சீரியல் பாக்கும்போது நின்னா உங்க போட்டோ சர்வர் மேல உள்ள மரியாதையும் சேந்து போவும். தனியா ராஸ்ப்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ மாதிரி சின்னப் பலகை ஒண்ணு கிடைச்சா அதுல வைங்க. இந்த லேப்டாப்ல வேண்டாம்.

பாஸ்வேர்டுக்கு வால்ட்வார்டன், பிட்வார்டன் ஆப்போட சேர்ற பாஸ்வேர்டு சர்வர். ரேம் ரொம்பக் கொஞ்சம்தான் எடுக்கும். எச்டிடிபிஎஸ் இல்லாம பிரவுசர்ல திறக்காது, வெறும் 192.168 முகவரியில முயற்சி பண்ணி "கெட்டுப் போச்சு"ன்னு விடுதவங்க அதிகம். டெயில்ஸ்கேல் சர்வ் போட்டா சான்றிதழையும் அதுவே வாங்கிக்கிடும். வீட்டாளுகளுக்குக் கணக்கு தொடங்குன கையோட புதுப் பதிவை அணைச்சிருங்க. சர்வர் செத்தாலும் போன்ல உள்ள பிட்வார்டன் ஆப்ல ஏற்கெனவே இறங்குனதைப் படிக்கலாம், புதுசா சேக்கத்தான் முடியாது. மாஸ்டர் பாஸ்வேர்டை மட்டும் ஒரு தாள்ல எழுதி பீரோவுல வைங்க. நோட்டு அவ்வளவு மோசமான யோசனை இல்ல, அதுல எல்லாம் இருக்கதுதான் பிரச்சினை.

கூகுள் டிரைவ் மாதிரி எல்லாம் சேத்து வாற நெக்ஸ்ட்கிளவுட் உங்களுக்கு வேண்டாம். கோப்பு மட்டும் ரெண்டு மெஷினுக்கு நடுவுல ஒத்துப்போகணும்னா சிங்திங் போதும். அதை பேக்கப்னு நினைச்சிராதீங்க, ஒரு பக்கம் அழிச்சா அடுத்த பக்கமும் அழியும்.

டாக்கர் லாக் கோப்புக்கு இயல்பா எல்லையே கிடையாது. டீமன் அமைப்புல 10 எம்பி, மூணு கோப்புன்னு கட்டி விடுங்க, இல்லன்னா ஒரு வருஷத்துல 256 ஜிபி எங்க போச்சுன்னு தேடுவீங்க.

---

கொக்கிரகுளம்

எல்லாரும் என்ன ஓட்டலாம்னு சொல்லுதீங்க, டிஸ்க் ஒண்ணுதான் இருக்குங்கறதை யாரும் கவனிக்கல. 2 டிபி டிஸ்க்ல ஒரே பிரதி. போன்ல இருந்து போட்டோவை அழிக்கதுக்கு முன்னாடி ரெண்டாவது டிஸ்க் வாங்குங்க. அது வாற வரைக்கும் ஆப்ல "இடத்தைக் காலி பண்ணு"ங்கற பக்கம் போகாதீங்க.

இம்மிச் தினமும் ராத்திரி 2 மணிக்கு டேட்டாபேஸ் டம்ப் (முழு நகல் கோப்பு) எடுத்து கடைசி 14ஐ வச்சிருக்கும். அதுல ஆல்பம், முகம், தேதி மாதிரி விவரம் மட்டும்தான் இருக்கு, போட்டோ கிடையாது. ரெண்டையும் சேத்து எடுக்கணும். ஓடிக்கிட்டிருக்க போஸ்ட்கிரஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணாதீங்க, அது மீளாது. டம்ப்தான் வேணும்.

ரெஸ்டிக்ங்கற பேக்கப் கருவி வச்சு தினமும் ராத்திரி 3 மணிக்கு ரெண்டாவது டிஸ்குக்கு எடுங்க, டம்ப் முடிஞ்ச பிறகு. மாசம் ஒருக்க செக் கட்டளையில அஞ்சு சதவீத டேட்டாவைப் படிச்சுச் சரிபாக்கச் சொல்லுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்க பத்துப் படத்தையும் ஒரு டம்பையும் வேற மெஷின்ல மீட்டுப் பாருங்க. ரெஸ்டிக் பாஸ்வேர்டு போச்சுன்னா பேக்கப்பும் போச்சு, அதையும் அந்த பீரோத் தாள்ல எழுதுங்க. வால்ட்வார்டனுக்குள்ள மட்டும் வைக்காதீங்க, வால்ட்வார்டனை மீட்கவே அந்தப் பாஸ்வேர்டுதான் வேணும்.

மூணாவது பிரதி வீட்டுக்கு வெளிய. நம்ம ஊர்ல இதை ஏட்டுச் சுரைக்காய்னு யாரும் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செமீ மழை, தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ளயும் கலெக்டர் ஆபீஸ் பக்கமும் வந்துச்சு. தரைத்தளத்துல டிவிக்குக் கீழ ஒரு டிஸ்க், அதே மேசை டிராயர்ல பேக்கப் டிஸ்க்னா ரெண்டும் சேந்துதான் முழுகும். வண்ணார்பேட்டையில இருக்க சித்தி வீட்டுல வைக்கதும் அதே ஆத்தங்கரைதான். சங்கரன்கோவில், கோவில்பட்டின்னு ஆறு எட்டாத ஊரா, இல்ல குறைஞ்சது மாடியா பாருங்க. டிஸ்கை எல்யூகேஎஸ் குறியாக்கம் போட்டுப் பூட்டிக் குடுங்க, உள்ள பத்திரம் இருக்கு.

தங்கச்சி வீட்டுல ஒரு பழைய பெட்டியும் டிஸ்கும் வச்சு டெயில்ஸ்கேல் வழியா அனுப்பலாம். முதல் தடவை மட்டும் இங்கயே எடுத்து டிஸ்கைக் கையில கொண்டு போங்க. 500 ஜிபியை 20 எம்பிபிஎஸ் அப்லோடுல தள்ளுனா 55 மணி நேரம் ஆகும். பிறகு தினமும் போறது கொஞ்சம்தான்.

இடம்னு சொன்னா, பரண் வேண்டாம். கான்கிரீட் கூரைக்குக் கீழ மதியம் அடுப்பு மாதிரி இருக்கும். இரும்பு பீரோவுக்குள்ள பூட்டுறதும் அப்படித்தான். இடுப்பு உயர அலமாரி, காத்து ஓடுத இடம். டிஸ்க் நிலவரம் காட்டுத ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில டிஸ்க் சூடு 45 டிகிரி தாண்டுனா இடத்தை மாத்துங்க. ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் உள்ளவங்க ஆனி ஆடிக் காத்துக்குப் பிறகு ஃபேனைக் கழட்டித் தூசி தட்டணும். உவரி மாதிரி கடலோரம்னா யூஎஸ்பி முனைகள்ல துரு பிடிக்கும், வருஷம் ஒருக்க கேபிளை மாத்துறது மலிவு.

ஐப்பசி இடிக்கு ஒரு வார்த்தை. ஃபைபர் கண்ணாடிதான், அது மின்னலைக் கொண்டு வராது. ஆனா மொட்டைமாடி கேமராவுக்குப் போன லேன் வயர் கொண்டு வரும். அந்த கேமராவையும் சர்வரையும் ஒரே சுவிட்ச்ல நேராச் சேக்காதீங்க. நடுவுல ரெண்டு மீடியா கன்வர்ட்டரும் ஒரு மீட்டர் ஃபைபரும் போட்டா செப்புத் தொடர்பு அறுந்துரும்.

---

சமாதானபுரத்தான்

ரெண்டாவது டிஸ்க் வாங்குத வரைக்கும் போன்ல எதையும் அழிக்கல. அட்கார்டை எடுத்தாச்சு. விசிடி பத்தி யாரும் சொல்லல. ஜெல்லிஃபின் வீடியோ சர்வர்ல போட்டா டிவியில வருது, பிரவுசர்ல இழுத்து இழுத்து ஓடுது. டிவிடி ஒண்ணுல ஆள் அசைஞ்சா சீப்பு மாதிரி கோடு கோடா தெரியுது. கரண்ட் போனா நெட்டும் போகுது, ரவுட்டருக்கும் ஏதாவது செய்யணுமா?

---

கடையநல்லூர் ரூட்டர்

விசிடியில உள்ள டேட் (.DAT) கோப்பு எம்பெக்-1, 352க்கு 288. டிவிடி எம்பெக்-2, 720க்கு 576, இன்டர்லேஸ் (ஒத்தைக் கோடும் ரெட்டைக் கோடும் மாத்தி மாத்தி வாறது). பிரவுசருக்கு ரெண்டும் தெரியாது, அதனால ஒவ்வொரு தடவையும் சர்வர் மாத்திக் குடுக்குது. எஃப்எஃப்எம்பெக் கருவியில ஒரே தடவை எச்264 ஆக்கி வச்சிருங்க, தரத்துக்கு சிஆர்எஃப் 18 போதும். டிவிடிக்கு பிடபிள்யூடிஃப் ஃபில்டர் சேத்தா அந்தச் சீப்புக் கோடு போயிரும். விசிடி இன்டர்லேஸ் இல்ல, அதுக்கு அந்த ஃபில்டர் போடாதீங்க, இருக்க கொஞ்ச நஞ்சத் தெளிவும் போவும். 1080க்கு இழுத்துப் பெருசாக்கவும் வேண்டாம். ஒரிஜினல் ஐஎஸ்ஓவைத் தூரப் போடாம பேக்கப்ல விடுங்க. தட்டு படிக்க மறுத்தா டிடிரெஸ்க்யூவை ரெண்டு வேற வேற டிரைவ்ல ஒரே மேப் கோப்போட ஓட்டுங்க, ஒண்ணு விட்ட இடத்தை இன்னொண்ணு பிடிக்கும். விசிடிக்கு மட்டும் அது ஒத்துவராது, அதுல படம் இருக்க செக்டர் 2352 பைட். சிடிஆர்டிஏஓ மாதிரி கருவியால முழுத் தட்டையும் ரா முறையில எடுக்கணும்.

மத்த படத்துக்கு ஜெல்லிஃபின்ல, இன்டெல் சிப்லயே வீடியோ மாத்துத குயிக்சிங்க் போடுங்க, டிஆர்ஐ (கிராஃபிக்ஸ்) கருவியைக் கன்டெய்னருக்குள்ள குடுக்கணும், ரெண்டர் குழுவோட எண்ணும் சேத்து. உங்க 8250யூ எச்265 10 பிட் வரைக்கும் தாங்கும், ஏவி1 தாங்காது. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமா வந்தா ஃபால்பேக் ஃபான்ட் ஃபோல்டர்ல நோட்டோ சான்ஸ் தமிழைப் போட்டு அந்த வசதியை இயக்குங்க.

ரவுட்டருக்கும் ஓஎன்டிக்கும் (ஃபைபர் வந்து சேருத டப்பா) 12 வோல்ட் டிசி மினி யூபிஎஸ். வாங்கதுக்கு முன்னாடி ரெண்டு அடாப்டர்லயும் எழுதியிருக்க ஆம்பியரைக் கூட்டிப் பாருங்க, கூட்டுனது 2 ஆம்பியரைத் தாண்டுனா சின்னது தாங்காது. அப்புறம் நெட் வருமாங்கறது லைனைப் பொறுத்தது. ஜிபான்னா (வீடு வரைக்கும் ஃபைபர்) உங்க வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவுல கரண்ட் வேண்டிய எதுவும் கிடையாது, வந்துரும். போஸ்ட்ல டப்பா கட்டி அதுக்குள்ள சுவிட்ச் வச்சு லேன் வயர்ல வீட்டுக்குக் குடுக்கிற லைன்னா அந்தத் தெருக் கரண்ட் போனதும் அதுவும் போகும், நீங்க என்ன யூபிஎஸ் வச்சாலும். வீட்டுக்குள்ள வாறது வெள்ளையோ கறுப்போ மெல்லிசு ஃபைபரா, நீலத் தடி லேன் வயரான்னு பாத்துட்டு வாங்குங்க.